செல்வியோடு போன வெள்ளிமலை

ஐயா, அம்மையீர்,

யாரிடமும் கேளாமல் கணினி கற்றவன் என்னும் கர்வம் எனக்கு அறுபது வயதில் வந்தது. (இளமையிலேயே வந்திருந்தால் சீக்கிரம் தெளிந்திருப்பேன்.)

கள்ளக்குறிச்சியில், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து விண்ணப்பம் அனுப்பும் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் பலர் உண்டு. ஆகவே கோப்புகளுக்கும் ஊரைச் சேர்த்தே பெயரிடுவேன். செல்வி என்ற மலைப்பெண்ணின் சாதிச் சான்றிதழ் முதலில் மங்கலாக விழுந்தது. அக்கோப்பின் பெயர் ‘செல்வி வெள்ளிமலை’. மீண்டும் திருத்தமாக எடுத்ததை, அவ்வூரார் எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் ‘வெள்ளிமலை’ என்னும் கோப்புறைக்குள் வைத்தேன்.

பிறகு, மங்கல் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றை வரிசையாக அழிக்க ‘ஷெல் ஸ்கிரிப்ட்’ என்னும் கட்டளைத் தொகுப்பொன்றை எழுதினேன். கோப்புறையையும் விட்டுவைக்காத குறியொன்றையும் சேர்த்தேன். பார்வைக்குக் கம்பீரமாக இருந்தது. ஆனால் கோப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை. இடைவெளி கண்ட இடத்தில் கணினி அதை இரண்டாக வெட்டியது. ‘செல்வி’ என்று எதுவும் அகப்படவில்லை. ‘வெள்ளிமலை’ அகப்பட்டது. கோப்புறை முழுவதும் போயிற்று. அழிய வேண்டிய மங்கல் பிரதி மட்டும் சௌக்கியமாக இருந்தது.

மற்றவர்களின் விண்ணப்பங்கள் முன்பே போய்விட்டன. செல்வியின் நர்சிங் விண்ணப்பம் மட்டும் பாக்கி. மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது. அசல் சான்றிதழோ மலையில். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பேருந்தும் இல்லை.

இனி அசலை என்னை நம்பித் தரமாட்டார்கள் என்று, காலையில் ஸ்கேனரையும் மடிக்கணினியையும் பெட்டியில் வைத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மறியலில் ஓர் இளைஞர் நிறுத்தினார்.

“இன்னா பெருசு, பொட்டியில?”

உண்மையைச் சொன்னேன்.

“சாதி சர்டிபிகேட்டையே அழிச்சிட்டியா? நாங்க இன்னாத்துக்கு ரோட்டுல குந்திக்கினு இருக்கோம்னு நெனச்ச?” என்றவர், பின்னால் திரும்பி, “வழி வுடுங்கடா! பொண்ணு படிப்பு போவுது!” என்று கத்தினார்.

வெள்ளிமலையில் செல்வி, நான் போனில் சொல்லிவைத்தபடி, சான்றிதழோடு காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டு, “எம்பேர அழிக்கப் போயி எங்கூரையே அழிச்சிட்டீங்களா தாத்தா?” என்றாள். ஆனால் ஸ்கேனர் ஓடி முடியும்வரை அவள் அதன் மூடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நானும்தான்.

கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் கடையிலிருந்து விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. செல்வி இன்று நர்ஸ்.

அன்றுமுதல் ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிக்குள் அடைக்கிறேன். அழிக்குமுன் பட்டியலைத் திரையில் காட்டச் செய்து படிக்கிறேன். இருந்தும் மளிகைக் கடைக்குக் கிளம்பினால் மனைவி சும்மா விடுவதில்லை. “கருப்பு உளுந்து ஒரே சாமானுங்க. கருப்பையும் உளுந்தையும் தனித்தனியா கேட்டுக்கினு நிக்காதீங்க!”

இக்குறிப்பைத் தயவுசெய்து நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள்; என்னிடம் உள்ள பிரதிக்கு உத்தரவாதம் இல்லை.