சிலுவை ரீச்சரும் ஒரு குட்டிச் சொல்லும்

கனடாவில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்து, அந்த முப்பது வருடமும் ஒரேயொரு சொல்லை மட்டும் கற்பித்தவர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சிலுவை ரீச்சர். அந்தச் சொல் ‘த’. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்குமே, தமிழில் தலைகீழாய் நின்று தேடினாலும் கிடைக்காதே, அந்தக் குட்டிச் சொல்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், பதினோராம் மாடியில் நானும் அம்மாவும் இருந்தோம். நடந்து போகும் தூரத்தில் ஹைஸ்கூல். நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு ஆங்கில வகுப்பு இருந்தது. அதில் முக்கால்வாசி எங்கள் தமிழ்ப் பிள்ளைகள்தான். முதல்நாள் ரீச்சர் உள்ளே வந்ததும், யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று “குட் மோர்ணிங் மிஸ்ஸ்ஸ்” என்று ராகம் இழுத்தோம். மனுசி திடுக்கிட்டு வெளியே போய், கதவில் இருந்த இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

ஆறடிக்கு ஒரு விரல் குறைவான உயரம். அதற்கேற்ற நீளக் கைகள். யாராவது ‘த’வை விழுங்கிவிட்டால் வாயால் திருத்தமாட்டார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஆங்கில ‘ரீ’ (T) எழுத்தாக நிற்பார். வசனத்தைத் திருத்திச் சொல்லும்வரை கை இறங்காது. அவருக்கு அது ‘ரீ’. எங்களுக்கு அது சிலுவை. நேரில் ‘மிஸ்’, முதுகுக்குப் பின்னால் ‘சிலுவை ரீச்சர்’. கையில் கோப்பி இருந்தாலும் விரிப்பார். முன்வாங்கில் இருந்த ரஞ்சனின் ஜக்கெற் அந்த வருடம் முழுக்கக் கோப்பி மணத்தது.

இடம், பொருள், ஏவல் ஒன்றும் கிடையாது. ஒருநாள் பஸ் தரிப்பில் என்னைக் கண்டு எங்கே போகிறாய் என்று கேட்டார். நூலகத்துக்கு என்று சொல்ல வாயெடுத்து, வழக்கம்போல் ‘த’வை விட்டுவிட்டேன். கொட்டும் பனியில், தடித்த கோட்டோடு, கைகள் இரண்டும் விரிந்தன. யாரோ அவசரத்தில் மறிக்கிறார்கள் என்று நினைத்து, அங்கே நிற்கவே கூடாத பஸ் ஒன்று சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வசனத்தைத் திருத்திச் சொன்ன பிறகுதான் ரீச்சர் அவரைப் போகச் சொன்னார்.

அதைவிடப் பெரிய சங்கதி, நெருப்புப் பிடித்த நாள். கழிவறைக்குப் போன ரஞ்சன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மிஸ்! ஃபயர் இன் கெமிஸ்ற்றி லாப்!”

சிலுவை விரிந்தது.

“மிஸ், பிக் ஃபயர்! கெமிஸ்ற்றி லாப்!”

அபாயமணி அலறுகிறது, தாழ்வாரத்தில் புகை மணக்கிறது, சிலுவை அசையவில்லை. கடைசியில் வகுப்பே ஒரே குரலில் “இன் த கெமிஸ்ற்றி லாப்!” என்று கத்திய பிறகுதான் கைகளை இறக்கி, எங்களை வரிசையாக வெளியே கூட்டிப் போனார். எரிந்தது ஒரு குப்பைவாளி மட்டும்தான். பனிக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற ரஞ்சன் சொன்னான்: “எரியிற வீட்டுக்கும் இலக்கணம் பார்க்கிற மனுசியடா உது!”

விதி விளங்கினாலாவது பரவாயில்லை. ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறதென்றால் ‘த’ போடவேண்டும், சூரியனைப்போல, என்றார். ஸ்காபரோவும் ஒன்றுதானே மிஸ், அதற்கு ஏன் இல்லை என்று கேட்டோம். ஊர்ப் பெயருக்கு வராது என்றார். ஆனால் ஸ்காபரோவுக்குள்ளால் ஓடுகிற நானூற்றியொன்று ஹைவேக்கு மட்டும் வருமாம். “அப்ப றோட்டுக்குக் குடுக்கிற மரியாதை ஊருக்கு இல்லையோ?” என்று ரஞ்சன் தமிழில் முணுமுணுத்தான். இன்றுவரை எனக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

இவ்வளவு பகிடி விட்டாலும் எனக்கு உள்ளே பயம்தான். அடுத்த வருடம் எங்களை ‘ஜெனரல்’ வகுப்பில் போடுவதா ‘அட்வான்ஸ்’ வகுப்பில் போடுவதா என்ற படிவத்தில் கையெழுத்து வைப்பவர் சிலுவை ரீச்சர். ஜெனரலில் விழுந்தால் பல்கலைக்கழகம் கிடையாது; கம்பஸ் ஆசையை மறந்துவிடலாம். பிஸ்கற் ஃபக்ரறியில் எட்டு மணித்தியாலம் நின்று, கால் வீங்கி வரும் அம்மாவுக்கு அந்த ஆசையைத் தவிர வேறொன்றும் இல்லை. பயத்தில், ‘என் வீடு’ என்ற கட்டுரையில் காணும் இடமெல்லாம் ‘த’ போட்டேன். த அம்மா, த மல்வேர்ன், த கடவுள். ‘த’ கூடிப்போனால் வேறு தண்டனை: கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக் கண்ணை மூடிவிடுவார். ரஞ்சன் அதற்கு ‘நல்லடக்கம்’ என்று பெயர் வைத்திருந்தான். அன்று கட்டுரையை வாசித்துக் காட்டியபோது எனக்குப் பதினேழு நல்லடக்கம் கிடைத்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு வினை. நான் ரெலிபோனில் சிலுவை ரீச்சர், சிலுவை ரீச்சர் என்று கதைப்பதை அம்மா கேட்டிருக்கிறார்.

“பிள்ளை, உந்த ரீச்சர் கன்னியாஸ்திரியோ?”

என்னைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கவில்லையே என்று அம்மாவுக்கு ஓயாத கவலை. விளக்கம் சொல்லப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் “ஓம் அம்மா” என்றேன்.

“அதுதானே பார்த்தன்! மாதா கைவிடமாட்டா.”

அந்த ஒரு ‘ஓம்’ பெற்றோர் சந்திப்பு நாளில் என்னைப் பழிவாங்கியது. அம்மா அரை நாள் லீவு போட்டு, கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து, மடு மாதா கோயிலில் ஆசீர்வதித்த செபமாலை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மொழிபெயர்ப்பாளர் நான்தான். அந்தப் படிவம், ரீச்சர் சொல்லும் ‘ஃபோம்’, மேசையில் கிடந்தது, கையெழுத்து இல்லாமல்.

“உந்தப் பேப்பர் என்னண்டு கேள்” என்றார் அம்மா.

“மிஸ், மை மதர் இஸ் ஆஸ்கிங் அபௌட் ஃபோம்” என்றேன்.

சிலுவை ரீச்சர் எழுந்து கைகளை விரித்தார்.

அம்மா ஒரு கணம் பார்த்தார். சட்டென்று எழுந்து, முக்காடு போட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் வைத்து, கண்ணை மூடிப் பரலோக மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். கன்னியாஸ்திரி செபிக்கும்போது தான் சும்மா இருக்கலாமோ? ரீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் திருத்தாமல் கையை இறக்குகிற சாதி இல்லையே அவர். ஒருவர் விரித்தபடி, மற்றவர் செபித்தபடி. பக்கத்து மேசைப் பெற்றோர் எட்டிப் பார்க்கிறார்கள். நான் அவசரமாகக் கத்தினேன்.

“அபௌட் த ஃபோம், மிஸ்! த ஃபோம்!”

கைகள் இறங்கின. “ஆமென்” என்றார் அம்மா.

ரீச்சர் மெதுவாக என்னைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் உடைந்துபோனேன். பட்டப்பெயர், நான் சொன்ன பொய், கன்னியாஸ்திரி, பிஸ்கற் ஃபக்ரறி, கம்பஸ் எல்லாவற்றையும் அழுதழுது ஆங்கிலத்தில் கொட்டினேன். எத்தனை ‘த’வை விழுங்கினேனோ கடவுளுக்குத்தான் தெரியும். சிலுவை ஒருமுறைகூட விரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். மனுசி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் இறுக்கி இருந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு கையை வெளியே எடுத்துப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். அட்வான்ஸ்.

அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். “கன்னியாஸ்திரி இல்லையோ?” என்று ரீச்சரின் கைகளைப் பார்த்தார். “அதுக்கென்ன, பாவம். நாள் முழுக்கக் கையை விரிச்சா நோகும். நல்லெண்ணெய் பூசச் சொல்லு.” செபமாலையையும் கொடுத்தார். தனக்குக் கோயில் பழக்கம் இல்லை என்றார் ரீச்சர். ஆனாலும் அவர் ஓய்வுபெறும் வரைக்கும் அது அவருடைய மேசை விளக்கில் தொங்கியது.

நான் கம்பஸ் போனேன். ரீச்சர் இப்போது இல்லை. நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. ‘த’வை விட்டால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் கீழே ஒரு கோடு போடும். சில நாள்களில் நான் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடு வரும். அந்தக் கைகள்தான் வருவதில்லை.