குரல் குறையாத காடு

கடல் நடுவே ஒரு தீவு. தீவு முழுக்கக் காடு, காடு முழுக்கப் பாட்டுக் குருவிகள். அவற்றை ஆண்டது ஒரு மயில். மயிலுக்குப் பாட வராது என்பதால், பாட்டைக் கேட்டுத் தலையாட்டும் பொறுப்பை அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. விடியும்போது ஒவ்வொரு குருவியும் தன் கூட்டிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் அரசர் அரியணையில் அமரக் கூடாது. காணாமல் போனவரைத் தேடிப் புறப்பட வேண்டும். அதற்குக் காரணமானவரைத் தீவை விட்டே துரத்த வேண்டும்.

ஒருநாள் கரை தட்டிய கப்பலிலிருந்து, கயிறுகளோடு கயிறாக ஒரு பாம்பு இறங்கியது. எலிகளிடமிருந்து முட்டைகளைக் காப்பதாக விண்ணப்பித்தது. மயிலுக்கும் பாம்புக்கும் ஆகாது என்பார்கள். அதெல்லாம் பதவிக்கு வராத மயில்களுக்கு. பாம்பு இராக்காவலர் ஆயிற்று.

காவலர் மரமேறிக் களைத்துப்போகிறார் என்று, கூடுகளைத் தாழ்ந்த கிளைகளுக்கு இறக்கச் சொல்லி ஆணை வந்தது. இரவில் அலறினால் அவர் மனம் புண்படுகிறது என்று அடுத்த ஆணை. குருவிகள் கீழே இறங்கின, வாயையும் மூடிக்கொண்டன. ஆனாலும் விடியற்காலையில் ஒரு குரலும் குறையவில்லை.

சிற்றிழை என்ற குருவிக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் துணை அலரனைக் காவலர் விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். மறுநாள் விடியலில் அலரன் பாடினான். அதே இழுப்பு, முடிவில் அதே சின்னத் தடுமாற்றம். குரல் வந்ததோ அமைச்சர் கரிச்சானின் கிளையிலிருந்து. எந்தப் பறவையின் குரலையும் அச்சாகப் பாடிக்காட்டக் கூடியவர் அவர்.

சிற்றிழை நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, செத்தவரு எப்படிப் பாடுவாரு? உங்க தொண்டையில இருந்துல்ல வருது!"

"அம்மணி, தங்கள் கணவர் இன்று காலை தவறாமல் வருகை தந்துள்ளார். வந்தவரை இறந்தார் என்பது அவருக்கே அவமரியாதை."

"என் கூட்டுல ரெண்டு முட்டை இருக்குய்யா. எனக்குன்னு அதுதான் மிச்சம்."

"அதற்குத்தான் காவலர் இருக்கிறாரே" என்றார் அமைச்சர், மிகுந்த கனிவோடு.

திரும்பும் வழியில் அக்கம்பக்கத்துக் கூடுகளை எட்டிப் பார்த்தாள். அன்று காலைகூட ஒவ்வொன்றிலிருந்தும் பாட்டுக் கேட்டதாக நினைத்திருந்தாள். உள்ளே சருகும் உதிர்ந்த இறகும்தான் கிடந்தன. ஆனால் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. மறுநாள் தான் பாடாமல் இருந்துவிட்டால் ஒரு குரல் குறையும், அரசர் எழுந்தே ஆகவேண்டும்.

"உசுரோட இருக்கிறவ குரலை எவன் எடுத்துருவான்?" என்று முட்டைகளிடம் சொன்னாள்.

விடிந்தது. காடு பாடியது, என்றைக்கும் போல அழகாக. அலரனும் பாடி முடித்தான். அடுத்து சிற்றிழையின் முறை. அலகை இறுக்கி மூடிக்கொண்டு முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். காடு நிசப்தமானது. அரியணையில் அமரப்போன மயில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது.

அப்போது அவள் குரல் எழுந்தது. தெளிவாக, பிசிறில்லாமல், அவள் பாடுவதைவிடக் கொஞ்சம் நன்றாகவே. அவள் அலகைத் திறக்கவே இல்லை.

"முழு வருகை!" என்று அறிவித்தார் அமைச்சர். மயில் அமர்ந்தது.

அந்தக் கூட்டுக்கும் வருகை போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும், காவலர் இரவு வரை காத்திருக்கவில்லை. பட்டப்பகலில் கிளையேறி வந்தார். சிற்றிழை தொண்டை கிழியக் கத்தினாள்.

மயில் முகம் சுளித்தது. "யாரது, சபை நடக்கும்போது?"

"யாரும் இல்லை, அரசே" என்றார் அமைச்சர். "எல்லோரும்தான் பாடியாயிற்றே."