அளவுக்குக் கொடுத்த இறக்கை

விமானத்தின் மேல் ஆலங்கட்டி விழுந்ததற்கு விளக்கம் கேட்டு, சண்முகவடிவுக்கு மெமோ வந்திருந்தது.

“வானத்துக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பியிருக்கீங்க சார்” என்றாள்.

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை” என்றார் சோழமண்டல வான்பயிற்சிக் கழகத்தின் செயலாளர் சுந்தரராமன். “ரிஜிஸ்டர்ல யார் கையெழுத்து இருக்கு?”

ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்துதான் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு விமானம் கொட்டகைக்குள் நிறுத்தப்பட்டது என்று தினமும் எழுதுவது அவள் வேலை. அன்று கொட்டகையின் நடுவில் செயலாளரின் புது ஃபியட் நின்றது. சித்திரை வெயிலில் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று அவரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மிச்சமிருந்த இடத்தில் விமானத்தின் வலது இறக்கை மட்டும் நுழைந்தது. இடது இறக்கை வெளியே நின்று, மீனம்பாக்கத்தின் மேல் விழுந்த ஆலங்கட்டி முழுவதையும் தனியாக வாங்கிக்கொண்டது.

பெரிய இறக்கை தகரம். பள்ளங்களோடு தப்பித்தது. அதன் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடுகிற குட்டி இறக்கையோ துணி போர்த்தப்பட்டது. விமானம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வதே அதை வைத்துத்தான். ஒரு பக்கத்தில் அது கீழே தொங்கினால் விமானம் மறுபக்கம் சாயும். அதில் பதினேழு ஓட்டை.

“சனிக்கிழமை ஏரோப்ளேன் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி வரார். அவர் பாஸ் பண்ணிட்டா, உன் பர்மனென்ட் ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா நீ வேற இடம் பாத்துக்கோ.”

மூன்று வருடமாக வடிவு தாற்காலிகம். அப்பா ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டுகிறவர். குடும்பத்தில் பி.எஸ்ஸி. என்ற எழுத்துகள் வந்தது அவளோடுதான். வேலை நிரந்தரமானால் மேலே படிக்கலாம். ஆகாவிட்டால், தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அத்தை மகன் தயாராக இருந்தான்.

“துணி தைக்க ஆளே இல்லையே சார்.”

“இல்லேன்னா தேடணும்.”

ஆள் ஒருவர் இருந்தார். பெயர் அம்மாசி. கழகத்தின் இறக்கைகளுக்குப் பதினாறு வருடம் துணி தைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாமனார் போட்ட வெள்ளி மூக்குப்பொடி டப்பாவைக் காணோம் என்று இன்ஸ்பெக்டர் கூச்சல் போட்டார். அப்போது கொட்டகையில் இருந்தவர்களில் கால்சட்டை போடாதவர் அம்மாசி ஒருவர்தான் என்பதால், விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது.

ராயப்பேட்டையில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த அவரிடம் வடிவு போய் நின்றாள்.

“திருடன் தெச்ச றெக்கையில எவன்மா ஏறுவான்?” என்றார் அம்மாசி, தலையைத் தூக்காமல்.

“நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

“உனுக்குத் தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்? நீயே டெம்பரவரி.”

வடிவு திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்துச் சந்தில் மெஹபூப் அலியின் தையல் கடையைக் காட்டிவிட்டார். “லேடீஸ் டெய்லரு. ஆனா கை சுத்தம்.”

சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கிய குட்டி இறக்கையை மெஹபூப் அலி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இன்னாம்மா இது, கதவா?”

“ஏரோப்ளேன் இறக்கை.”

“லைனிங் வெக்கணுமா?”

“வேண்டாம். பழைய துணியை எடுத்துட்டு, இந்தத் துணியில இறுக்கமா ஒரு உறை தைக்கணும். அதுக்கு மேல நாங்க டோப்னு ஒண்ணு பூசுவோம். துணி சுருங்கி மத்தளம் மாதிரி ஆயிடும்.”

“சுருங்கணுமா?”

முப்பது வருடத் தொழிலில், சுருங்க வேண்டும் என்று கேட்ட முதல் வாடிக்கையாளரை அவர் கவலையோடு பார்த்தார். “சரி, உன் இஷ்டம். அளவு குடு.”

“அளவுக்கு இதுவே இருக்கே.”

“இது கிழிஞ்சது. கிழிஞ்ச ஜாக்கெட்டைக் குடுத்து யாராவது அளவு எடுக்கச் சொல்வாங்களா? நல்லா ஃபிட்டா கீற உருப்படி ஒண்ணு எடுத்துனு வா.”

நியாயமாகத்தான் பட்டது. அளவு ரவிக்கை கொடுக்காமல் அவளும் இதுவரை எதையும் தைத்துக்கொண்டதில்லை. மறுநாள் காலை, ஆலங்கட்டி படாத வலது குட்டி இறக்கையையும் கழற்றி, அதே ரிக்ஷாவில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வியாழக்கிழமை போனபோது இரண்டுமே எலும்பாகக் கிடந்தன.

“அளவுக்குக் குடுத்ததை ஏன் பிரிச்சீங்க?”

“பிரிக்காம உள் தையல் எப்படிம்மா தெரியும்?”

“அளவு ரவிக்கையைப் பிரிப்பீங்களா?”

“ஜாக்கெட்டு ஆயிரக்கணக்குல தெச்சுக்கீறேன். றெக்கை இதான் மொதோ போணி.”

“சரி, பிரிச்ச துணியையே திருப்பிப் போட்டுத் தைச்சுடுங்க.”

“அதைத்தான் மாடலுக்கு நாலா வெட்டிட்டேனே.”

அரசாங்க முத்திரை போட்ட துணிதான் விமானத்துக்கு ஆகும். வடிவு கொண்டுவந்திருந்தது ஓர் இறக்கைக்குத்தான் போதும். இருப்புப் பதிவேட்டில் இன்னும் எட்டு கெஜம் இருந்தது. அலமாரியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போன தீபாவளிக்குச் செயலாளர் வீட்டில் பட்சணம் வாங்கப் போயிருந்தாள். நேராக மயிலாப்பூருக்கு பஸ் ஏறினாள்.

“ஜன்னல்ல தொங்கறதா?” என்றாள் செயலாளரின் மனைவி ஜானகி. “மகராசியா எடுத்துண்டு போ. எங்காத்துக்குள்ள நுழைஞ்சா ஆஸ்பத்திரி மாதிரின்னா இருக்கு. கவர்மென்ட் சீல் போட்டது, ஆயுசுக்கும் கிழியாதும்பார். அதாண்டி எனக்குக் கவலை.”

திரைச்சீலையின் ஓரத்தில் முத்திரை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மெஹபூப் அலி, இரண்டு இறக்கைகளோடும் ஒரு மஞ்சள் பையோடும் கொட்டகைக்கு வந்தார். பையை அவள் கையில் கொடுத்தார்.

“மிச்சம் மீதி எல்லாம் இதுல கீது. எண்ணிப் பாத்துக்கோ. டெய்லர் சுட்டுட்டான்னு பின்னால பேசக்கூடாது.”

எந்தத் தையல்காரரும் எந்த ரவிக்கைக்கும் சொல்கிற வசனம்தான். வடிவு பையை ஆணியில் மாட்டினாள். நாளைக்கு ஏதாவது தையல் விட்டால் சரிசெய்ய அவர் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, டோப் பூசப் போனாள்.

துணி சுருங்கி விறைத்தது. தட்டினால் தாளம் கேட்டது. முதல்முறையாக அந்த வாரத்தில் அவள் சிரித்தாள். பிறகு எடை போட்டாள்.

குட்டி இறக்கைகளின் எடை விமானப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அதில் வித்தியாசம் இருந்தால் பறக்கும்போது உதறும் என்பார்கள். இடது, புத்தகத்தில் உள்ளபடி இருந்தது. வலது, நூற்றுப் பத்து கிராம் குறைந்தது. மறுபடி போட்டாள். நூற்றுப் பத்து. மூன்றாம் முறையும் நூற்றுப் பத்து. மயிலாப்பூரில் சலவைக்குப் போய்வந்த துணி இளைத்திருக்குமோ என்று கணக்குப் போட்டாள். ஜானகியின் மொத்தத் திரையையும் சேர்த்தாலும் அவ்வளவு இளைக்க வழியில்லை.

புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டு வருடமாக, ‘விமானம் இடது பக்கம் இழுக்கிறது’ என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, ‘மாணவருக்கு ஓட்டத் தெரியவில்லை’ என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எடையைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை.

பழைய எடையையே எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. வடிவு உள்ளதை எழுதினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி வந்தார். தகர டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்து உறிஞ்சினார். துணியின் முத்திரையைக் குனிந்து பார்த்து, “துணி ஒழுங்கான துணிதான்” என்றார். செயலாளரும் குனிந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“ஆலங்கட்டி விழுந்தது இடது பக்கம். வலது பக்கத்தை எதுக்குப் பிரிச்சே?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“அளவுக்கு சார்.”

“அளவுக்கா?”

“டெய்லர் கேட்டார்.”

“சார், எதுவுமே என் கவனத்துக்குக் கொண்டுவரப்படலை” என்றார் செயலாளர்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். “ரெண்டு வருஷத்துக்கு முன்னால, துணி மூடறதுக்கு முந்தி நானே தலையை விட்டுப் பார்த்து எழுதினது இது. ‘உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை.’ என் கையெழுத்து. இது, மூடினப்புறம் நானே போட்ட எடை. இன்னிக்கு நூத்திப் பத்து கிராம் குறையறது. எங்கே போச்சு?”

“தெரியலை சார். மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.”

“நான் சொல்றேன். உள்ளேயிருந்து எதையோ கழட்டி வித்துட்டான்.” ஓரமாக நின்ற மெஹபூப் அலியைப் பார்த்தார். “கோட்டு சட்டை தைக்கிறவனை எல்லாம் உள்ளே விட்டா இதான். இந்தக் கொட்டகைக்குத் திருட்டு ஒண்ணும் புதுசு இல்லையே.”

“இவரைக் கூட்டிட்டு வந்தது நான். சொல்றதை என்கிட்ட சொல்லுங்க” என்றாள் வடிவு.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவளுடைய நிரந்தர ஆர்டர். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார்.

“கணக்கு டேபிள் சாவியை வச்சுட்டுப் போம்மா. போலீஸை நான் பாத்துக்கறேன்.”

வடிவு சாவியை எடுத்தாள். வைக்கவில்லை. தூத்துக்குடியில் ஒருவன் கல்லாவில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தான்.

மெஹபூப் அலி அவசரப்படாமல் நடந்துபோய், ஆணியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார். துணித் துண்டுகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“யார் பொருளும் எனக்கு வேணாம் சார். அளவுக்குக் குடுத்த றெக்கைக்குள்ள இந்த வெள்ளி டப்பா ஒண்ணுதான் கெடந்துது, தொறந்தா தும்மல் வருதேன்னு மூடி வெச்சேன். தராசுல போடுங்க, உங்க நூத்திப் பத்து சரியா வரும்.”