கந்தன் இறங்கிய காலை

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். இரண்டு தோட்டாக்கள். முதலாவது வானத்துக்குப் போனது. இரண்டாவது எங்கே போனது என்பதைப் பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்திரண்டு வயதில் இதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்போது ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் தயாசிங், நஜஃப்கரைத் தாண்டி இருந்த தன் கிராமத்துக்கு எங்களை அழைத்தார். ஜனவரியில் கடுகு பூத்திருக்கும், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். என் மனைவி ராஜலட்சுமி பூவுக்காகச் சம்மதித்தாள். நான் சம்மதித்தது துப்பாக்கிக்காக.

துப்பாக்கி தயாசிங்கின் பெரியப்பாவுடையது. பட்டாளத்திலிருந்து வந்தவர்; ஊரே அவரைத் தாவுஜி என்றுதான் கூப்பிடும். ராத்திரி பகல் பார்க்காமல் வயலில் புகுந்து மேயும் நீலகாய் மான்களை விரட்ட, லைசென்ஸோடு, ரவை சிதறும் தோட்டா போடுகிற ஓர் இரட்டைக்குழல் வைத்திருந்தார். எதையும் சுடுவதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சத்தத்துக்கே ஓடிவிடும்.

(நான் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தேன் என்று தயாசிங்கிடம் பல வருஷமாக அளந்துகொண்டிருந்தேன். இருந்தது உண்மைதான். பரேடு முடிந்ததும் பூரி கிழங்குப் பொட்டலம் கொடுக்கும் வேலையில் இருந்தேன்.)

அன்று காலை எட்டு மணியாகியும் விடிந்த மாதிரியே இல்லை. அப்படி ஒரு பனிமூட்டம். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தாவுஜியின் ஹூக்கா சத்தம் கேட்டது, தாவுஜி தெரியவில்லை. எங்கேயோ ஓர் எருமை மூச்சுவிட்டது. எனக்கு முன்னாலா, பின்னாலா என்று சொல்ல முடியவில்லை. பெண்கள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நினைத்ததோடு சரி. எட்டிப் பார்க்கவில்லை.

வயல் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று செடிகளை விலக்கிக்கொண்டு மெதுவாக நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது.

"நீலகாய்," என்றார் தாவுஜி.

"பாபுஜி சுடட்டும் தாவுஜி. பயிற்சி எடுத்தவர்," என்றார் தயாசிங்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் மப்ளரைச் சரிசெய்துகொண்டேன். துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. குழலை மேலே தூக்கும்படி தாவுஜி சைகை காட்டினார். தூக்கினேன். அடுத்து அவர் சொன்னதுதான் விபரீதம்.

"கந்தா, பாபுஜி. கந்தா."

என் ஹிந்தி காய்கறிச் சந்தையிலும் டி.டி.சி. பஸ்ஸிலும் கற்றது. இரண்டு இடத்திலும் தோள் விற்பனைக்கு இல்லை. கந்தா என்றால் ஹிந்தியில் தோள் என்பது முப்பத்தைந்து வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாது. துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்திக்கொள் என்று அந்த மனுஷர் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டதோ வேறு. என் நெற்றியில் மலை மந்திர் முருகன் கோயில் விபூதி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஹரியானா எல்லையில் ஒரு கிழவர், உருவம் தெரியாத பனிக்குள்ளிருந்து என் சாமியைக் கூப்பிடுகிறார். மயிர்க்கூச்செறிந்தது.

"கடம்பா," என்றேன் நான்.

"அரே, கந்தா."

"கதிர்வேலா," என்று பூர்த்தி செய்துவிட்டு விசையை இழுத்தேன்.

துப்பாக்கியை நாதஸ்வரம் போல மார்புக்கு முன்னால் பிடித்திருந்தேன். வெடித்ததும் அது பின்னால் வந்து வலது தோளில் இடித்த இடியில், எருமை அவிழ்த்துக்கொண்டு வந்து முட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். உடம்பு சுழன்றது. குழல் தாழ்ந்தது. பயந்துபோன விரல் இன்னொரு விசையையும் இழுத்தது. இரண்டாவது வெடி இடுப்பு உயரத்தில், வயலுக்குள் போயிற்று.

சரசரப்பு நின்றுவிட்டது.

நான் மண்ணில் முழந்தாளிட்டுக் கிடந்தேன். தாவுஜி குனிந்து என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கந்தா உத்தர் கயா."

இந்த 'உத்தர்' எனக்குத் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் தினம் கத்துவது. இறங்கு. கந்தன் இறங்கிவிட்டான் என்கிறார்.

அதே சமயம் வயலுக்குள்ளிருந்து ஒரு நீண்ட அலறல். மயில் என்று நினைத்தேன். அறுபது வருஷம் கும்பிட்டவன் கூப்பிட்ட குரலுக்கு வாகனத்தோடு வந்திருக்கிறான். எனக்கோ கும்பிட வலது கை எழும்பவில்லை.

தயாசிங்கின் மனைவி டீ டம்ளருடன் வெளியே வந்தார். "பாபிஜி இன்னும் வரலையா? பூ பார்க்கறேன்னு வயலுக்குள்ள போனாங்களே," என்றார், என் மனைவியை.

கேட்டது மயில்தானா என்ற சந்தேகம் அப்போது வந்தது.

தொங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு வயலுக்குள் ஓடினேன். நாலு அடி வைத்ததும் வீடு மறைந்துவிட்டது. மஞ்சள் பூக்கள் இடுப்புவரை தெரிந்தன. அதற்கு மேல் உலகம் இல்லை. "ஏய்," என்றேன். "இந்தா," என்றேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் இந்த இரண்டு சொல்லில்தான் குடித்தனம் நடந்தது. பதில் இல்லை. "ராஜலட்சுமி," என்று கத்தினேன். அதற்கும் பதில் இல்லை. காலில் மெத்தென்று எதுவோ தட்டியது. குனிந்து பார்க்கத் தைரியம் வர வெகுநேரமாயிற்று. ஈரமான சாக்கு.

பம்புசெட் சுவரோரம் அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா என்னன்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"நீங்களா? யாரோ முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பனியில பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாதும்பாங்க. அதான் பேசாம நின்னேன்." பிறகு தன் சால்வையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அதுக்கு முன்னாடி, வெடிச் சத்தத்துக்கு மயில் அலறிச்சே, அப்ப யாரோ பின்னாலேருந்து இதைப் பிடிச்சு இழுத்தாங்க. திரும்பினா ஆளே இல்லை."

"காத்தா இருக்கும்," என்றேன்.

பனி அசையாமல் நின்றது. காற்றே இல்லை.

ஆஸ்பத்திரியில் தோளைத் திரும்பப் பொருத்தினார்கள். அங்கே கம்பவுண்டர் மூலமாகத்தான் கந்தாவுக்கு அர்த்தம் தெரிந்தது. அந்தக் கதை குடும்பம் முழுவதும் பரவிவிட்டது, சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் சால்வையை உதறி மடித்தவன் நான். பின்னால் தொங்கும் நுனியில் மூன்று ஓட்டைகள். சின்னதாக, வட்டமாக, ஓரத்தில் லேசாகக் கறுத்து. அவள் இடுப்புக்கும் அந்த நுனிக்கும் ஒரு முழம் இருக்கும்.

"பூச்சி அரிச்சிருக்கு," என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் அந்துருண்டை வாங்கிப் பீரோவில் போட்டாள்.

போன நவம்பரில் கம்பளித் துணிகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் சால்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு சொன்னாள். "வருஷா வருஷம் அந்துருண்டை போடறேன். இந்த மூணுக்கு மேல ஒண்ணுகூட விழலை. மூணும் ஒரே அளவு வேற. நல்லாப் படிச்ச பூச்சியா இருக்கும். கவர்மென்ட் உத்தியோகம் பார்த்த பூச்சி."

நான் ஸ்வெட்டரை விரித்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே விரித்திருந்த ஸ்வெட்டர் அது.

"எப்பத் தெரியும்?" என்று கடைசியில் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமோ அப்ப," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் பூச்சி. "பூச்சி சாப்பிட்டாச்சா?" "பூச்சிக்கு மாத்திரை குடுத்தாச்சா?" பேரப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஏன் பாட்டி தாத்தாவைப் பூச்சிங்கறே என்று கேட்டால், "அதை அவரே சொல்லுவார்," என்கிறாள். எழுதிவைத்துவிட்டேன். அவர்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இதைப் படித்து முடிக்க இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளும் நான் தாத்தா.