ஒரு தாழ்ப்பாளுக்காக

வீட்டை இடித்துக் கட்டும்போது அதே வீட்டில் குடியிருக்கக் கூடாது. வேறு வழியில்லை, குடியிருந்துதான் ஆகவேண்டும் என்றால், புதிதாகக் கல்யாணமாவது ஆகியிருக்கக் கூடாது. நான் இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்தவன். (செய்தவன் என்ன செய்தவன். அப்பாவும் ஏழுமலை மேஸ்திரியும் சேர்ந்து செய்தார்கள். நான் அதில் போய் விழுந்தேன்.)

சங்கராபுரத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் மாட்டுக்கொட்டகை. எனக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானதும், வருகிற மருமகளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும், அதுவும் கான்கிரீட் தளம் போட்ட மெத்தை அறையாக இருக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். "கல்யாணத்துக்குள்ள முடிச்சிடலாங்க" என்றார் மேஸ்திரி. யாருடைய கல்யாணத்துக்குள் என்று கேட்காமல் விட்டது எங்கள் தப்பு.

வசந்தா மருமகளாக வந்து இறங்கியபோது சமையலறை இடிபட்டு, அடுப்பு மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தது. மாடு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தது. கூடத்துக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது, தார்ப்பாய்தான். மீதி இடத்தில் நெல் மூட்டை, சிமெண்டு மூட்டை, சீரில் வந்த பீரோ, இவற்றுக்கு நடுவே நாங்கள் நான்கு பேர். படுக்கிற வரிசை இப்படி: சுவரோரம் வசந்தா, அடுத்து அம்மா, அடுத்து அப்பா, கடைசியில் தார்ப்பாய் ஓரமாக நான். நான் புது மாப்பிள்ளையா, சிமெண்டுக்கு வாட்ச்மேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேச இடமில்லை. கொல்லைக்குப் போனால் சித்தாள்கள் மண் சலித்துக்கொண்டிருப்பார்கள். வாசலுக்கு வந்தால் அப்பா சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சோறு போடும்போது அவள் வளையல் சத்தம் காதருகே கேட்கும். அந்த வைகாசியிலும் ஆனியிலும் எனக்குக் கிடைத்த இல்லறம் அவ்வளவுதான். உலகத்தில் மனிதன் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்த பொருள் தாழ்ப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஆடி வந்தது. வழக்கப்படி மாமனார் வந்து வசந்தாவைக் கச்சிராயபாளையத்துக்கு அழைத்துப் போனார். ஆவணி பிறந்தும் அனுப்பவில்லை. போய்க் கேட்டதற்கு, "ரூம் ஆவட்டும் மாப்ள. செவுரு இல்லாத வூட்டுல பொண்ணு எத்தினி நாளு படுத்துக்கினு இருக்கும்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கிடையாது, அதுதான் எனக்கு எரிச்சல். அப்போது நான் ஓர் உரக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ் எடுத்துப் போட்டேன். பொட்டாஷ் கேட்டவரிடம் "பொண்ணு எப்ப வருது?" என்று கேட்டேன். முதலாளி நல்ல மனுஷன், என்னைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்.

ஆவணிக் கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. புது அறைக்குக் கதவு வேண்டுமே. "கச்சிராயபாளையத்துல ஒரு ஆசாரி நல்ல கதவு வச்சிருக்காராம். பாத்துட்டு சாயங்காலம் வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். நான் போய்ச் சேர்ந்த மறுநாளே சாலை மறியல் தொடங்கிவிட்டது. புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் கிடையாது, லாரி கிடையாது, சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் தாண்டவேண்டும். அந்த வாரத்தில் சாவு விழுந்த வீடுகளும் உண்டு, அதையெல்லாம் விளையாட்டாகப் பேச எனக்கு வாய் வராது. என் சங்கதியை மட்டும் சொல்கிறேன். சங்கராபுரத்தில் மணல் இல்லாமல், சிமெண்டு இல்லாமல் எங்கள் வீட்டு வேலை நின்றது. கச்சிராயபாளையத்தில் நான் மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் ஓர் அறை இருந்தது. அறைக்குக் கதவு இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தது.

வழி திறந்ததும் வசந்தா தானே துணியை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். "செவுரு இல்லாட்டி போவுது, நான் இவருகூடப் போறேன்" என்று மாமனாரிடம் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கதவு எங்கடா?"

"சரியா அமையலம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் ஆயுசிலேயே நல்ல நாட்கள். வேலை மறுபடி தொடங்கி, புது அறைக்கு நாலு சுவரும் எழும்பிவிட்டன. மேலே வானம், வாசலில் வெறும் நிலை. சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். நானும் வசந்தாவும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டோம். குடத்தை அவள் நீட்டுவாள், நான் மொண்டு சுவர் மேல் அடிப்பேன். நாலு சுவருக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும். பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். ஈரச் செங்கல் வாசனை வந்தால் அவள் கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். "இவ்ளோ தண்ணி குடிச்ச செவுத்த நான் பாத்ததே இல்ல தம்பி" என்று மேஸ்திரி என்னை மெச்சினார். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போது குடை பிடித்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்படித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வசந்தா சொன்னாள்.

"ஏங்க, நாளு தள்ளிப் போயிருக்கு."

நான் குடத்தைக் கீழே போட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "அத்தகிட்ட சொல்லாதீங்க. சொன்னா வேலைய நிறுத்திடுவாங்க" என்றாள்.

அதுதான் சிக்கல். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டுமான வேலை கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள். எதிர்த் தெருவில் ஒரு வீட்டில் மாடிப்படி பாதியில் நிற்கும். அந்த வீட்டு மருமகள்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி உண்டாகிக்கொண்டே இருந்ததால், படி ஏறவே இல்லை. எங்கள் அறைக்கும் அந்தக் கதி வந்தால், பிறக்கிற பிள்ளையும் தார்ப்பாய் ஓரத்தில்தான் படுக்கவேண்டும். தளம் போட்டு முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அந்த அறை எங்களுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டதும் தளம் போட நாள் குறித்தார்கள். காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கலவை போட, சித்தாள்கள் வரிசையாக நின்று பாண்டுச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். தளம் போடுகிற அன்று ஆட்களுக்குக் கறிசோறு போடவேண்டும். அதற்கு மாமனார் தன் பட்டியிலிருந்தே ஓர் ஆட்டை ஓட்டிவந்து, சமையல்காரரை நம்பாமல் தானே அடுப்படியில் நின்றார். "மாப்ள, மசாலா வாசன புடிச்சீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

வாசனையை நான் மட்டுமா பிடித்தேன். பாதித் தளம் முடிந்திருக்கும். வசந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். அத்தனை பேர் பார்த்திருக்க, மணல் குவியல் மேல் குனிந்து வாந்தி எடுத்தாள்.

பாண்டுகள் நின்றன. அம்மா திரும்பிப் பார்த்தாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று என் புத்தி பறந்தது. (புத்தி இருந்தால்தானே பறக்கும். பறந்தது வேறு ஏதோ.)

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். "கறி சரியில்ல போல. எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் கொண்டுவந்த கறி என்று ஞாபகம் வந்தது. மாமனார் கரண்டியோடு எழுந்து வந்தார். மேலே நின்ற ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கெட்டுப்போன கறிக்காகக் காலையிலிருந்து கலவை சுமந்தோமா என்று ஒருவர் முணுமுணுத்தார். "யோவ், தளம் பாதியில நிக்குதுய்யா, ஏறுங்கய்யா" என்று மேஸ்திரி கெஞ்சினார். யாரும் ஏறவில்லை.

"மாப்ள, காலையில உசுரோட கயித்துல கட்டி இட்டாந்த ஆடு" என்றார் மாமனார். "இன்னா கொற கண்டீங்க?"

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "வயசான ஆடோ என்னமோ."

அவர் அடுப்படிக்குப் போய் ஒரு கை கறியை அள்ளி எல்லார் முன்னாலும் நின்று தின்றார். சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டில் வந்ததா, நான் சொன்னதில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை வசந்தாவால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை அரைகுறையாக நின்ற தளத்தைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன்.

"எங்கப்பா ஆட்டுல ஒரு கொறையும் இல்ல" என்றாள் வசந்தா. "எனக்குத்தான் ஒத்துக்கல. நான் முழுவாம இருக்கறேன்."

அம்மா ஓடிவந்து அவள் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். நெட்டி முறித்த அதே கையை மேலே நீட்டி, "கலவைய நிறுத்துங்க. ஒரு பாண்டு மேல போவக் கூடாது" என்றாள்.

"யக்கா, பாதியில நிறுத்தனா நடுவுல ஒட்டு விழும்கா. மழைக்கு அந்தக் கோட்டுலதான் ஒழுவும்" என்று மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒழுவட்டும்."

"ஆரம்பிச்சத முடிக்கறதுல தப்பு இல்லக்கா."

"ஆணி அடிக்கக் கூடாத வூட்டுல மெத்த போடலாமா? நல்லா இருக்குதே உன் நாயம்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்று மறைவான இடம் கிடைத்த ஒரே மனிதர் அவர்தான். வயசான சித்தாள் ஒருத்தி, "எத்தினி மாசம்மா ஆவுது?" என்று வசந்தாவைக் கேட்டாள். ரெண்டு தாண்டிவிட்டது என்று வசந்தா மெதுவாகச் சொன்னாள். அம்மா விரல் விட்டு எண்ணினாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கதவு பாக்கப் போன வாரமாடா?"

அவ்வளவுதான். சித்தாள் வரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சிரித்தது. சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கரண்டியோடு நின்ற மாமனாரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எல்லாரும் கறிசோறு சாப்பிட்டுவிட்டு, மருமகளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். மிச்சக் கலவை தரையிலேயே இறுகிக் கட்டியானது. பிறகு பல வருஷம் அதில்தான் துணி துவைத்தோம்.

அந்த மழைக்காலம் முழுக்க அறை பாதி மூடியும் பாதி திறந்தும் நின்றது. பிரசவத்துக்கு வசந்தா கச்சிராயபாளையம் போனாள். மகள் பிறந்த பிறகு மீதித் தளத்தைப் போட்டு, கதவும் தாழ்ப்பாளும் வைத்தோம். வசந்தா குழந்தையோடு வந்தாள். நான் பாயைத் தட்டிக்கொண்டு ஆவலாக நின்றேன். "பச்சப் புள்ளைக்காரி தனியா படுக்கக் கூடாது" என்று சொல்லி அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கூடத்தில், பழைய இடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்தேன். மகள் நடக்கத் தொடங்கும்வரை அந்தத் தாழ்ப்பாளை நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன்.

மேஸ்திரி சொன்னபடியே அந்தக் கோட்டில் இன்றும் ஒழுகுகிறது. தார் பூசியும் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. அதைவிட நிற்காத ஒன்றும் உண்டு. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்கிறவரைப் பார்த்து, "கறி சரியில்லையா?" என்று கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி, பேப்பர் இன்னும் தரவில்லை என்றபோது அம்மா அப்படித்தான் கேட்டாள். பெண் பார்க்க வந்தவரைப் பிடித்திருக்கிறதா என்றதற்கு மகள் தோளைக் குலுக்கியபோது வசந்தா கேட்டாள். அவரே மருமகனாகி, இப்போது அவரும் கேட்கிறார்.

அப்பா, அம்மா, மாமனார் யாரும் இப்போது இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து, வசந்தா துணைக்குச் சென்னைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. வீட்டில் எல்லா அறைக்கும் கதவு இருக்கிறது, நான் ஒருவன்தான் இருக்கிறேன். எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போடுவதில்லை. குடத்தை நீட்டிக்கொண்டு அவள் நின்ற அந்தக் கூரையில்லாத காலைகளுக்கு மனசு கிடந்து ஏங்குகிறது. வயசான காலத்தில் இதையெல்லாம் போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் வசந்தா போன் செய்தாள். அந்தப் பக்கம் பேரன் அழுகிற சத்தமும் மருமகன் பேசுகிற சத்தமும் கேட்டன.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"ஒடம்பு நல்லா இருக்குதா? கொரலு ஒரு மாதிரியா இருக்குதே."

"நல்லாத்தான் இருக்கேன். நீ பேரன் நடக்கறவரைக்கும் இருந்துட்டு நெதானமா வா" என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, "இங்க கறிதான் சரியில்ல" என்றேன்.

பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வசந்தா சொன்னாள்.

"வெள்ளிக்கெழம பஸ் ஏறிடறேன்."