செவ்வயிற்றுத் தலைவர் பரணி

வாழ்க, கத்தரிக்கோல் ஏந்திய கரத்தான்! வாழ்க, அபா நகரத்து ஆடவர் தம் முடியெல்லாம் காலடியில் வந்து விழக் கண்டும் கர்வம் கொள்ளாத ஒகேசியே என்பான்! அவன் சவரக்கடையின் மூலையில், மூன்றடிக் கண்ணாடிக் கோட்டைக்குள் தளும்பிய நன்னீர்க் கடலையும் அங்கு மூண்ட பெரும்போரையும் பாடப் புகுந்தேன். கலைமகளே, நாவில் வந்து அமர்க.

தோகைவால் கப்பி மீன்களும் நீலக்கோட்டு நியான் மீன்களும் பகையறியாது வாழ்ந்த அக்கடலுள், ஓடையில் பிடித்த விரல்நீள மீன்கள் இரண்டைக் கொணர்ந்து விட்டான் நம் வீரன். ஒன்று குட்டை, ஆனால் பழுத்த பனம்பழமெனச் சிவந்த வயிறு. மற்றது நெட்டை, வெளிறிய மேனி, கூர்த்த துடுப்பு. எங்கள் ஊரில் சிவப்புத் தொப்பி அணியும் உரிமை தலைவர் பட்டம் பெற்ற பெருமக்களுக்கே உண்டு என்பதைப் பால்குடிப் பிள்ளையும் அறியும். ஆதலின் சிவந்தது ஆண், அதுவே தலைவர் என்று தெளிந்தான். நாளடைவில் அவ்வயிறு உருண்டு திரண்டபோது, தொந்தியில்லாத தலைவர் எங்கே இருக்கிறார் என்று தேறினான். ஊர்ச் சடங்கின்படி தொட்டியின் முன் கோலாக்கொட்டை உடைத்து, வாடிக்கையாளர் கைதட்டப் பட்டமும் சூட்டினான். வெளிறியது தலைவரின் மனைவியாயிற்று.

அந்தோ! பட்டம் ஏற்ற தலைவர் கொட்டாங்கச்சி அரண்மனைக்குள் புகுந்தவர் புகுந்தவர்தாம். வாயிலில் நின்ற மனைவியோ, எட்டிப் பார்த்த கப்பியின் வாலைக் கிழித்தாள், வழிதவறிய நியானை மூலைவரை துரத்தினாள். கடைசிப் பேருந்தில் ஏறிய சனம்போலக் குடிகளெல்லாம் ஒரு மூலையில் நெருங்கி நின்றன. ஒரு நாள் ஒரு கப்பி செத்தும் போனது. அடுத்த அறையில் பெண்களுக்குப் பின்னல் போடும் உகொன்மா, ஒகேசியேயின் இல்லாள், சீப்பை உயர்த்தி, பிள்ளையின் பெயரால் கணவனை அழைத்துப் பிரகடனம் செய்தாள்.

"ஒலூச்சி அப்பா, கேட்டுக்கோங்க. இன்னொரு மீன் செத்து மிதந்துச்சோ, தொட்டி வெளிய, அந்த எடத்துல பின்னல் போட என் ரெண்டாவது நாற்காலி உள்ள!"

நாள் முழுதும் ஊரார் தலையையும் ஊரார் வம்பையும் தாங்கும் வீரனுக்கு, அந்தத் தொட்டி முன் நிற்கும் பொழுதுதான் நிம்மதி. அதை இழக்க அவனால் முடியாது.

மறுநாள், லாரி ஓட்டுநர் இரோஹாவின் தலை பாதி மழிக்கப்பட்டிருந்த வேளையில், நியான் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கக் கண்டான். மின் மழிப்பான் மேசையில் விழுந்தது. "அடங்காப்பிடாரியே, உன் ஆட்டம் இன்றோடு முடிந்தது!" என்று முழங்கி, வலையை எடுத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, மலையைப் புரட்டப் போகிறவன்போல் மூச்சிழுத்துக் கடலுள் கைவிட்டான். வலை இடம் போனால் அவள் வலம் போனாள். வலை வலம் வந்தால் அவள் வலைக்கு மேல் வந்தாள். செடிகள் பெயர்ந்தன, கூழாங்கல் உருண்டது, நீர் கலங்கியது. ஓடுவதை விட்டு அவள் நேராக வந்து வீரனின் சுண்டுவிரலைக் கடித்தாள்! வீரன் கையை உதறினான். கொட்டாங்கச்சி கவிழ்ந்தது.

கவிழ்ந்த அரண்மனையினின்று, கண் முளைத்த தூசுபோல் ஒரு குஞ்சுப் படை கிளம்பியது. நடுவே தலைவர், தொந்தி வற்றி, சிதறிய குஞ்சுகளை வாயால் அள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வலைக்கும் நடுவே, துடுப்பெல்லாம் விரித்து அசையாமல் நின்றது அந்த வெளிறிய மீன்.

"அண்ணே," என்றான் இரோஹா, அரைத்தலையோடு எழுந்து வந்து. "தலைவருக்குப் பிரசவம் ஆயிருக்கு போல!"

அடுத்த அறையிலிருந்து வந்து பார்த்த உகொன்மா சிரித்த சிரிப்பில், விட்டு வந்த பின்னல் பாதியில் அவிழ்ந்தது. "நாலு பெத்த என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அது தொந்தியா? பொம்பளைக்குக் கோலா உடைச்சுத் தலைவர் பட்டம் குடுத்த மகராசன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்! பாவம், அந்த அப்பன்காரன் குடும்பத்தக் காக்கச் சண்ட போட்டா, அவனப் போயி அடங்காப்பிடாரின்னீங்களே!"

வீரன் தலைகுனிந்தான். "அப்ப தொட்டி..?"

"பச்ச உடம்புக்காரிய வீட்ட விட்டுத் தொரத்துவாங்களா? எனக்குப் புள்ள பொறந்தப்ப எங்கம்மா வந்து மூணு மாசம் காரச் சூப்பு வச்சுக் குடுத்தா. இதுக்கு யாரு இருக்கா? நகருங்க!"

தோள்வரை கையை விட்டாள் அப்பெருமாட்டி. கொட்டாங்கச்சியை நிமிர்த்தினாள். கற்களை நடுவே அடுக்கிச் செடிகளை நட்டு, ஒரு பக்கம் பிரசவ வீடு, மறுபக்கம் ஊர்ப் பொது என எல்லை வகுத்தாள். கல்மறைவில் நியான் மெல்ல நிமிர்ந்து நீந்தியது. எதிரி கண்ணில் படாததால் காவலனின் துடுப்பும் மடங்கியது. "பட்டம் பட்டம்தான், தலைவர் இனித் தலைவியாக ஆள்க!" என ஒகேசியே முழங்க, உகொன்மா முக்காலியை இழுத்துத் தொட்டியருகே போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிப் பேச்சை எடுக்கவேயில்லை.

அதற்குள் கரண்ட் போய்விட்டதால், இரோஹாவுக்கு மீதி முடியை மறுநாள்தான் வீரன் மழித்தான்.