கணக்கைப் போடாதே

கல்லூரி நுழைவுத் தேர்வில் கணிதப் பகுதி என்று ஒன்று உண்டு. அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் நல்ல கல்லூரிகளில் இடம் கொடுப்பார்கள். ஆகவே அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பெற்றோரின் தலையாய கடமை. குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் கடமை தவறாதவர். மகளை ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்த்துவிட்டார். "முந்திக்கிட்டா நல்லதுதானே?" என்பது அவர் கண்ட நியாயம். அதனால் எந்த வகுப்புக்குப் போனாலும் அவள்தான் சின்னவள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பொடிசு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பொடிசுக்கு ஒரு குறை இருந்தது. அவளுக்குக் கணக்குப் பிடிக்கும். கட்டடங்கள் வரையும் படிப்பு படிக்க வேண்டும் என்ற ஆசை வேறு. ஒரு கணக்கு கையில் கிடைத்தால் சாப்பாடு ஆறிப்போகும். விடை வந்ததும் தானாகச் சிரித்துக்கொள்வாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா இதைப் பெரிதுபடுத்தவில்லை. "காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா" என்றாள். மேற்பார்வையாளரால் அப்படி விட முடியவில்லை. அலுவலகத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பயிற்சி நிலையத்துக்குப் போகும்போது, தன் பிள்ளை மட்டும் வீட்டில் உட்கார்ந்து படித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது பயிற்சி நிலையம். அதன் இயக்குநர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். முதல் நாளே எல்லார் பென்சிலையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினார்.

"கணக்கைப் போடுறவன் தோத்துப்போவான்" என்று ஆரம்பித்தார். "கேள்விக்குக் கீழே நாலு விடை இருக்கு. விடையை அவங்களே குடுத்துட்டாங்க. அதைப் போய் நாம எதுக்குத் தேடணும்? விடையோட முகத்தைப் பாருங்க. எது பொய் சொல்லுதுன்னு தெரியும்."

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு வந்தது. ஒரு குழாய் தொட்டியைப் பத்து மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினைந்து மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? கீழே இரண்டு, ஐந்து, ஆறு, நாற்பது என்று நான்கு விடைகள்.

"நாற்பதைப் பாருங்க. கூட்டத்துல சேராம தனியா நிக்குது. ஆளைக் கவுக்க வந்தது. ரெண்டு, அவசரக்காரனைப் பிடிக்க வச்ச பொறி. அஞ்சும் ஆறும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு நிஜம், இன்னொண்ணு அதோட நிழல். எது நிஜம்?"

"ஆறு சார்" என்றாள் பொடிசு.

"சபாஷ்! எப்படித் தெரிஞ்சுது? அஞ்சோட முகத்துல என்ன பார்த்தே?"

"முகத்தைப் பார்க்கல சார். மனசுலேயே போட்டுப் பார்த்தேன்."

பக்கத்தில் இருந்த பெண் தன் பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். மாலையில் மேற்பார்வையாளருக்கு அழைப்பு போனது.

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "மறைக்க விரும்பல சார். உங்க பொண்ணு யோசிக்கிறா."

மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எப்போலேருந்து சார்?"

"நாள்பட்டது மாதிரி தெரியுது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாது சார். அவ அம்மா பக்கம் விசாரிக்கணும்."

அன்றிலிருந்து வீட்டில் வைத்தியம் தொடங்கியது. வெள்ளைத் தாள் எதுவும் பொடிசின் கண்ணில் படக் கூடாது. பால் கணக்கு கூட அவள் காதில் விழாமல் பேச வேண்டும். பொடிசும் அப்பாவுக்காக முயன்றாள். கணக்கைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். விடைகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எல்லா முகங்களும் அவளுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. அவள் முகம்தான் நாளுக்கு நாள் வாடியது.

"பொண்ணு சிரிக்கிறதையே விட்டுட்டா, கவனிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"தேர்வு முடியட்டும். அப்புறம் சிரிக்கச் சொல்லலாம்."

தேர்வு நாளும் வந்தது. கணிதப் பகுதியைத் திறந்த பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். கேள்விகள் இருந்தன. கீழே இருக்க வேண்டிய நான்கு விடைகளையும் காணோம். அச்சகத்தில் யாரோ கோட்டை விட்டிருந்தார்கள். அறைக் கண்காணிப்பாளர் மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் தனக்கு மேலிடத்தைக் கேட்டது. "உள்ளது உள்ளபடியே நடத்தி முடிக்கவும்" என்று உத்தரவு வந்தது. பலர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார்கள். இல்லாத முகத்தை எப்படிப் பார்ப்பது?

பொடிசு மட்டும் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. பென்சிலை எடுத்தாள். முதல் கணக்கு வழிவிட்டது, இரண்டாவது வந்தது. மணி அடித்தபோதுதான் தான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அப்பா! எல்லாத்தையும் போட்டுட்டேன்!" என்று வாசலில் துள்ளினாள்.

"மெதுவா பேசு. நாலு பேர் காதுல விழப்போகுது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் அப்பா.

மறுநாள் தேர்வு வாரியத்தின் வாசலில் பெற்றோர் திரண்டார்கள். தலைமை தாங்கியவர் இயக்குநர். வாரியச் செயலாளர் வெளியே வந்தார்.

"விடை குடுக்காம கேள்வி கேட்டா என்ன சார் நியாயம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"கணக்கைப் போட்டு விடையை எழுதியிருக்கலாமே?" என்றார் செயலாளர். அவர் பதவிக்குப் புதியவர்.

"போடுறதா? பாடத்திட்டத்துல அது எங்கே இருக்கு, காட்டுங்க!"

செயலாளர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் பாடத்திட்டத்தைப் புரட்டினார். பரப்பளவு இருந்தது, விகிதம் இருந்தது, குழாயும் தொட்டியும் இருந்தன. போட வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. குழு அமைக்கப்பட்டது. குழு கூடிக் கலைந்து மீண்டும் கூடியது. 'தேர்வர்களின் மனநலனைக் கருத்தில் கொண்டு, கணிதப் பகுதிக்கு வருகை தந்த அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது' என்று அறிவிப்பு வந்தது. தெருவெல்லாம் வெடிச் சத்தம்.

"எல்லாருக்கும் முழு மார்க்!" என்று மேற்பார்வையாளர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தார்.

"அப்போ நான் போட்டது?" என்றாள் பொடிசு.

"அதுவும் முழு மார்க்தான்மா."

"போடாதவங்களுக்கும்?"

"அதான் சொல்றேனே, எல்லாருக்கும். வாரியம் யாரையும் பிரிச்சுப் பார்க்கல."

பொடிசு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாரும் முதலிடம் என்றால் இடம் யாருக்கு? வாரியத்திடம் இதற்கும் ஒரு விதி இருந்தது. சம மதிப்பெண் பெற்றோரில் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதன்படி பட்டியல் வெளியானது. எல்லாரையும் விட இளையவளான பொடிசு கடைசியில் இருந்தாள்.

"முந்திக்கிட்டா நல்லதுன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா. மேற்பார்வையாளர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பட்டியலின் முதல் பெயர் பயிற்சி நிலைய இயக்குநருடையது. கேள்விகள் எப்படி வருகின்றன என்று வேவு பார்க்க ஆண்டுதோறும் அவரும் விண்ணப்பித்து எழுதி வந்தாராம். ஐம்பதைத் தாண்டியவர் கல்லூரிக்குப் போவாரா? அதற்கும் விதி இருந்தது. பணி காரணமாகச் சேர இயலாதவர் தம் இடத்தை நேரடி வாரிசுக்கு மாற்றித் தரலாம். தேர்வே எழுதாத அவருடைய மகன் கல்லூரியில் சேர்ந்தான்.

இதைக் கேட்டுப் பெற்றோர் கொதித்தெழுந்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் நெற்றியில்தான் அடித்துக்கொண்டார்கள். "அடடா, இது நமக்குத் தோணாம போச்சே!"

அடுத்த ஆண்டு ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லாரும் விண்ணப்பித்தார்கள். வாரியமும் வீண் வம்பு எதற்கு என்று, இனி ஆண்டுதோறும் கணிதப் பகுதிக்கு வந்தவர் அனைவருக்கும் முழு மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. கேள்வித்தாள் மட்டும் மரபு கருதி அச்சாகும். பயிற்சி நிலையத்தில் பெற்றோர் பிரிவு தொடங்கியது. மூன்று மணி நேரம் தூங்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

"நானே எழுதறேன்பா" என்று பொடிசு கேட்டுப் பார்த்தாள்.

"உன் வயசை வச்சுக்கிட்டு நீ எழுதி என்ன ஆகப்போகுது? அப்பா பார்த்துக்கறேன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ கேள்வித்தாளை மட்டும் கசக்காம கொண்டு வாங்க. நான் போட்டுப் பார்க்கணும்."

தேர்வு நாள் காலையில் வாசலில் ஒரே கூட்டம். கையில் தண்ணீர் பாட்டிலோடும் தலையில் படிய வாரிய முடியோடும் அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று குடை பிடித்தார்கள். "பயப்படாதீங்க, முடிஞ்சதும் இங்கேயே நிக்கிறேன்" என்று ஒரு பையன் தன் அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான்.

"உங்க அப்பா எப்படி, கணக்குல தேறுவாரா?" என்று அவன் பொடிசைக் கேட்டான்.

"கணக்கு சுமார்தான்" என்றாள் பொடிசு. "ஆனா வயசு நல்லா இருக்கு."

மேற்பார்வையாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வரிசையில் முன்னும் பின்னும் பார்த்தார். அவரைவிடத் தலை நரைத்தவர் கண்ணுக்கு எட்டியவரை யாரும் இல்லை.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. பல் இல்லாத, காது கேளாத ஒரு தாத்தாவைச் சக்கர நாற்காலியோடு நான்கு பேர் பூப்போல இறக்கினார்கள். அவர் கழுத்தில் நுழைவுச்சீட்டு தொங்கியது. பின்னால் இன்னொரு வேன் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

மேற்பார்வையாளரின் கையிலிருந்த பாட்டில் தாழ்ந்தது.

"உங்க அப்பாவை வரச் சொல்லுங்கன்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் கூட வந்திருந்த அம்மா. "என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேட்கிறா?"